ஞாயிற்றுக்கிழமை வேன்

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. சேகரத்து ஐயா இருந்தார். எங்கள் சபையோடு சேர்த்து ஏழு ஊர்ச் சபைகளுக்கு அவர்தான் குரு. பைக்கில் வந்த வேர்வை காயாமல் உட்கார்ந்திருந்தார். பொருளாளர் இருந்தார், ரிட்டயர்டு வாத்தியார். நர்ஸம்மா இருந்தார், சிவகாசி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து நேரே வந்தவர், கண் சிவந்திருந்தது. பட்டாசுக் கம்பெனி போர்மேன் இருந்தார். பெண்கள் சங்கத் தலைவி இருந்தார். அதே கம்பெனியில் திரி செருகுகிற வேலை, எனக்கு மதினி. வாசல் பக்கம் நான் நின்றேன்.

நான் கோயில்பிள்ளை. எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். மணி அடிப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது, சாவி வைத்துக்கொள்வது என் வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கமிட்டியில் எனக்கு ஓட்டு இல்லை. நாற்காலி உண்டு. நான் உட்காருவதில்லை.

ஐயா சுற்றி வளைக்கவில்லை. குருமார் போதவில்லை, சம்பளத்துக்கு வழியில்லை, மேலிடத்தில் சின்னச் சபைகளைப் பக்கத்துச் சபையோடு சேர்க்கப் போகிறார்கள் என்றார். செப்டம்பர் கடைசி ஞாயிறு அவரே வந்து ஆட்களை எண்ணுவார். பெரியவர்கள் எண்பது பேர் இருந்தால் எங்கள் சபை தனியாக இருக்கும். குறைந்தால் அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்கள். இங்கே மாதத்துக்கு ஒரு ஆராதனை. மற்ற நாள் பூட்டு.

வாத்தியார் கேட்டார்.

"நவம்பர்ல வந்து எண்ணுங்கய்யா. தீவாளி முடிஞ்சிரும். கோயில் நிறையக் காட்டுறேன்."

"ஏழு ஊருக்கும் ஒரே மாசம்தான் வாத்தியாரே. நான் வச்ச கணக்கில்லை, மேல வச்சது."

"மேல இருக்கவுகளுக்கு சீசன் தெரியாதா?"

"அவுகளுக்குக் கிறிஸ்மஸ் சீசன்தான் தெரியும்" என்றார் மதினி. ஐயா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்று கோயிலில் இருந்தது முப்பது பேர் இருக்கும். வாத்தியார் வீடுகள், நர்ஸ் வீடுகள், வயசானவர்கள். மற்றவர்கள் கம்பெனியில் இருந்தார்கள். மதினியும் போர்மேனும் மீட்டிங்குக்காக லீவு போட்டிருந்தார்கள்.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். எங்கள் அப்பன் காலத்தில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போனார்கள். பிறகு தீப்பெட்டி, பிறகு பட்டாசு. நானும் சில வருஷம் போனேன். அப்போது கம்பெனி கேட்டை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினால் வாட்ச்மேன் கையை ஆட்டுவார். பேச்சு கிடையாது. வந்த வழியே நடக்க வேண்டியதுதான். நான் அப்படித் திரும்பியிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே எப்போதும் ஆட்கள் நிற்பார்கள், யாராவது வராமல் போனால் அந்த இடத்துக்கு.

அப்புறம் நூறு நாள் வேலை வந்தது. மில்லுக்காரர்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பஸ் அனுப்பினார்கள். பையன்கள் திருப்பூர் போனார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் கரைந்தது. கம்பெனி வேன் வாங்கியது. முதலில் மெயின் ரோட்டுக்கு வந்தது. பிறகு ஊருக்குள் வந்தது. பிறகு வேனில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஒரு கம்பெனி வேன் ஆறு மணிக்கு வந்தால் இன்னொரு கம்பெனி வேன் ஐந்தே முக்காலுக்கு வந்தது. கடைசியில் சீசன் நாளில் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஞாயிறு போனால் கூடுதல் கூலி. யார் வேண்டாம் என்பார்கள்.

அப்படித்தான் கோயில் காலியானது. யாருக்கும் பக்தி குறையவில்லை. ஜூலையிலிருந்து தீபாவளிக்குச் சரக்கு போய் முடிகிற வரை பெஞ்சு காலி. தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு அதே ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுவார்கள்.

கமிட்டியில் அன்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சீசன் முடிகிற வரை ஞாயிறு ஆராதனையை எட்டரையிலிருந்து காலை நாலரைக்கு மாற்றுவது. ஐந்தேகாலுக்கு முடித்தால் ஐந்தே முக்கால் வேனுக்குப் போய்விடலாம். ஐயாவால் வர முடியாது. வாத்தியார் நடத்துவார்.

"அந்நேரம் யார் வருவா?" என்றார் மதினி.

"வேலைக்கு எந்திரிக்கிறவுக ஒரு மணி நேரம் முந்தி எந்திரிக்க மாட்டாகளா?" என்றார் வாத்தியார்.

போர்மேன் தலையாட்டினார். அவருக்கு அது தோதான முடிவு. வேனுக்கு ஒன்றும் ஆகாது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "முதல் மணி எப்ப அடிக்க?"

"வழக்கம்போல ஒரு மணி நேரம் முந்தி."

"அப்ப மூணரை."

"ஆமா."

சரி என்றேன்.

மணி பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு மணி வேறு. தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு மணி உண்டு. ஜெபத்துக்கு என்று எப்போதோ ஆரம்பித்தது. என் காலத்தில் அந்த மணிக்கு ஜெபம் செய்தவர்கள் சிலர். சோறு பொங்கியவர்கள் ஊர் முழுக்க. எங்கள் சபை ஊரில் பாதிகூட இல்லை. மற்றவர்களுக்குக் காளியம்மன் கோயில். ஆனால் எல்லா வீட்டு அடுப்பும் என் கயிற்றில்தான் பற்றியது. வீட்டுக்கு வீடு கடிகாரம் தொங்கும். யார் பார்ப்பது. மணி கேட்டால் எழுந்திருப்பது, எழுந்தால் அரிசி களைவது. அந்த வருஷம் விடியற்காலை கரண்டும் இருப்பதில்லை.

மறு ஞாயிறு வாத்தியார் அறிக்கை வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து ஆராதனை காலை நாலரைக்கு, சபையார் தவறாமல் வரவும் என்று. அதற்கடுத்த ஞாயிறு மூணரைக்கு எழுந்து கயிற்றை இழுத்தேன். நாலரைக்கு இரண்டாம் மணி அடித்தேன். கோயிலுக்கு வந்தது இருபதுக்கும் கீழே. மதினி வந்திருந்தார். போர்மேன் வந்திருந்தார். நர்ஸம்மாவுக்கு அன்று லீவு, வந்திருந்தார். மற்றவர்கள் அதே வாத்தியார் வீட்டு ஆட்கள், கொட்டாவியோடு. மெழுகுவர்த்தி வைத்துப் பாடினோம். வாத்தியார் முகம் தொங்கிவிட்டது. ஐந்து மணிக்கே முடித்துவிட்டார்.

மதினி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குக் கிளம்பினார். போர்மேனும் நடந்தார். நான் டார்ச் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். நர்ஸம்மா வீடும் அதே வழி.

வேன் நிற்கிற வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். தலைவாரிப் பூவைத்து, சோறு கட்டி, இருட்டில் வரிசையாக. எங்கள் சபைப் பெண்கள் பாதி, காளியம்மன் கோயில் பெண்கள் பாதி.

கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரி முதலில் பார்த்தாள். எங்கள் சபை இல்லை. கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை அவளுக்கு. வாய் பெரிது.

"வாங்கண்ணே. ஒங்க சாமிக்குத் தூக்கம் வரலைன்னா எங்கள ஏன் எழுப்பிவிடுறீக?"

"சோறு பொங்கி, கொழம்பு வச்சு, புருசனையும் எழுப்பி ஏச்சு வாங்கிட்டு வந்து நிக்கோம்" என்றாள் இன்னொருத்தி. "நாய்கூட எந்திரிக்கல. எங்களப் பாத்துத்தான் குரைக்க ஆரம்பிச்சுச்சு."

"திரும்ப ஒருக்கா மணி அடிச்சீகளே, அது எதுக்கு? கோயில்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருட்டில் கேட்கிற மணி என்றால் அவர்களுக்கு ஐந்து மணி. ஐந்து மணி என்றால் வேன்.

மதினி தன் சங்கத்துப் பெண்களைப் பிடித்தார்.

"ஏத்தா, அவுக சரி. நீங்க கோயிலுக்கு வராம இங்கன என்ன செய்றீக?"

"கோயிலா? இந்நேரமா? யார் சொன்னா?"

"போன வாரம் கோயில்ல அறிக்கை வாசிச்சாகள்ல."

"போன வாரம் நாங்க கம்பெனில இருந்தோம்ல மதினி."

எதிர்வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். அது எல்லாருக்கும் தொற்றியது. கோயிலுக்கு வராதவர்களைக் கூப்பிட எழுதிய அறிக்கையைக் கோயிலுக்கு வந்தவர்களிடம் வாசித்திருந்தோம். கமிட்டியில் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

சொன்னேன். எண்ணப் போகிறார்கள், எண்பது இல்லாவிட்டால் பூட்டு என்று.

"பூட்டுனா காலைல மணி?"

"மணி அடிக்க ஆள் இருக்காது."

அவள் தூக்குச்சட்டியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஒங்களுக்குக் கோயில் போச்சு. எனக்கு என்ன போச்சு தெரியுமா? தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இருந்துச்சு. அதக் காணோம். வேனக் கொஞ்சம் லேட்டா வரச் சொன்னா என்ன?"

"சொன்னா கேட்டுருவாகளாக்கும்" என்றாள் ஒருத்தி.

"கேக்கலைன்னா வேன் சும்மாதான போகணும்? கேட்டுல நின்ன காலமா இது? நம்ம வீட்டு வாசல்ல வந்து ஆரன் அடிக்கிறாக."

போர்மேன் முன்னால் வந்தார். "வெளயாட்டுப் பேச்சு இல்ல இது. வெடிமருந்து வெயிலுக்கு முந்திக் கலக்கணும். கலக்குனத அன்னிக்கே அடைச்சு முடிக்கணும். வச்சிருந்தா ஆபத்து. லேட்டா வந்தா எப்படி நடக்கும்?"

அவர் சொன்னது சரி. அது எல்லாருக்கும் தெரியும்.

நர்ஸம்மா அதுவரை ஓரமாக நின்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை மருந்தே வேண்டாம்னு சொல்லுங்க. ஏழு நாளும் தொடர்ந்து வேலை பாத்த கைல வர்ற காயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான்தான் கட்டுப் போடுறேன். பெட்டி அடுக்குறது, லேபிள் ஒட்டுறது, பேக்கிங், இதுக்கெல்லாம் வெயிலும் இல்ல மழையும் இல்ல. பத்து மணிக்குப் போயிச் செய்யலாம்."

போர்மேன் அவரைப் பார்த்தார். மருந்து கலக்கும் ஆட்களை மேய்ப்பதுதான் அவர் வேலை. ஞாயிறு மருந்து இல்லையென்றால் ஞாயிறு கூலி அவருக்கும் இல்லை.

வேன் வந்தது. டிரைவர் கதவைத் திறந்து "ஏறுங்க, ஏறுங்க" என்றார். மருந்து கலக்குகிற நான்கு ஆண்கள் ஏறினார்கள். பெண்கள் மூன்று பேர் ஏறினார்கள். எதிர்வீட்டுக்காரி ஏறினவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாமவள் ஜன்னலை இழுத்து மூடினாள்.

"என்னக்கா, விளையாடுறீகளா?" என்றார் டிரைவர்.

"தூங்கப் போறோம் தம்பி" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "மானேஜர்ட்ட சொல்லிரு. ஞாயித்துக்கிழமை வேன் பத்து மணிக்கு வந்தா ஏறுவோம். பேக்கிங் மட்டும். மருந்து தொடமாட்டோம்."

"நானா சொல்றது?"

"ஒன் போன்ல சொல்லு. எங்கள்ட்ட போன் இல்லைல."

போர்மேன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வேன் போனது. பெண்கள் சோற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் வேன் போன திசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் ஆறு மணிக்குக் கோயிலைப் பெருக்கினேன்.

அன்று சாயங்காலமே மானேஜர் காரில் வந்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டைச் சாத்திய கம்பெனி, கார் எடுத்துக்கொண்டு வருகிறது. கோயிலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து மணிக்கூண்டு நிழலில் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப்பிள்ளையாக இருந்து மேலே வந்தவர். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அதற்குள் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா இப்படிச் செஞ்சிட்டீக" என்றார். "வடக்க இருந்து லாரி வந்து நிக்குது. ஆர்டர் கையில இருக்கு. மொதலாளி எங்கிட்டக் கத்துறாரு."

"நாங்களா கத்தச் சொன்னோம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பக்கத்து ஊர்ல ஆள் எடுத்துக்குவேன். தெரியும்ல?"

"எடுத்துக்கங்க சார். அங்கன எல்லாம் மம்பட்டியோட நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிட்டாக. போய்த் தேடிப் பாருங்க."

மானேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். மதினி எழுந்து மெதுவாகப் பேசினார். கோயிலைப் பற்றிச் சொன்னார். எட்டு மணிக்கு ஆராதனை வைத்தால் ஒன்பதரைக்கு முடிந்துவிடும், வேனைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்தால் பத்து மணிக்கு வண்டி கிளம்பும், யாரையும் தேட வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம் என்றார்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீக?"

"நான் மணி அடிக்கிறவன் சார். நேரத்தச் சொல்லுங்க, அடிக்கிறேன்."

அவர் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார், பத்து மணிக்குச் சரி, பேக்கிங் மட்டும்தான் என்றார். பிறகு அவரும் ஒரு சொல் கேட்டார். சரக்கு போய் முடிகிற வரைக்கும் இந்த ஊர் ஆட்கள் வேறு கம்பெனி வேனில் ஏறக்கூடாது. நடுவில் நூறு நாள் வேலைக்கு ஓடக்கூடாது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சரி என்றார்கள். எழுத்து எதுவும் இல்லை. மானேஜர் தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு வேன் கோயில் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மருந்து கலக்கும் ஆண்களுக்கு ஞாயிறு கூலி போனது. இரண்டு இளவட்டங்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆண்கள்தானே, பெண்கள் கொடுத்த சொல் எங்களைக் கட்டாது என்றார்கள். போர்மேன் என்னோடு பேசவில்லை. கோயிலுக்கு வந்தார், காணிக்கை போட்டார், என்னைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்தார். நானும் அவர் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கோயிலுக்குள்ளும் மாற்றம். வேலைக்குப் போகும் சேலையோடு பெண்கள் வந்தார்கள், ஞாயிறு வேலை இல்லாத அவர்கள் வீட்டு ஆண்களும் வந்தார்கள். கம்பெனிக்கு நூல் சேலைதான் கட்ட வேண்டும், கொலுசு கூடாது, ஊக்கு கூடாது. வாரம் முழுக்க மருந்தோடு இருந்த சேலை. துவைத்தாலும் வாடை போகாது. சுவரோரம் தூக்குச்சட்டிகள் வரிசையாக இருக்கும். குழம்பு வாடையும் சேர்ந்துகொள்ளும். வாத்தியார் வீட்டம்மா ஒருவர் மூக்கைச் சுளித்து, பெஞ்சு மாறி உட்கார்ந்தார். மதினி பார்த்துவிட்டார்.

"இந்த வாடைலதான் மதினி ஒங்க வீட்டுக் கிறிஸ்மசுக்கு மத்தாப்பு வருது" என்றார். அதோடு சரி. யாரும் ஐயாவிடம் கொண்டுபோகவில்லை.

வாத்தியார்தான் நன்றாக மாறினார். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவரே வேப்பமரத்தடிக்கு வந்து அறிக்கையை வாசிக்க ஆரம்பித்தார். கோயில் அறிக்கை, கூடவே ரேஷன் கடை எப்போது திறக்கும் என்பதும். எங்கள் சபை இல்லாதவர்களும் கேட்டார்கள். "சத்தமா வாசிங்க சார், பின்னால கேக்கல" என்பார்கள். பிரசங்கத்தையும் குறைத்தார். வேன் நிற்பது ஜன்னல் வழியாக அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது கால்மணி. முன்பு சொன்னதைவிட இப்போது சொன்னது எனக்கு அதிகம் விளங்கியது. ஆனால் இதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் போடுகிற அறுப்பின் பண்டிகையை ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் வைப்போம். அந்த வருஷம் நவம்பருக்குத் தள்ளினார்கள். கிழவர்கள் முணுமுணுத்தார்கள். ஏலத்துக்குக் கோழி கொண்டுவருகிறவர்கள் எல்லாம் கம்பெனியில் இருக்கும்போது யாரை வைத்து ஏலம் போடுவது என்று கமிட்டி கேட்டது.

கம்பெனி கோயிலுக்கு வளைந்ததா, கோயில் கம்பெனிக்கு வளைந்ததா என்று ஒருநாள் நர்ஸம்மா கேட்டார். இரண்டும் வளைந்தது என்றேன். வளையாத இரும்பை என்ன செய்ய முடியும். வெட்டித்தான் போட வேண்டும்.

எண்ணுகிற ஞாயிறு வந்தது. முந்தின வாரம் நல்ல மழை. மருந்து காயவில்லை. கம்பெனியில் வேலை தேங்கிவிட்டது. ஏழு மணிக்கு நான் முதல் மணி அடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. மூன்று மணி நேரம் முந்தி.

டிரைவர் இறங்கினார். முகம் சரியில்லை.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் ஏழு மணிக்கே ஏத்திட்டு வரச் சொல்லிட்டாரு. நேத்துப் போக வேண்டிய ரெண்டு லாரி பாதி லோடோட நிக்குது. வண்டி ஆள் இல்லாம வந்தா அடுத்த வாரத்துலருந்து பத்து மணி வேனே கிடையாதுன்னு சொல்லுறாரு."

மதினிக்கு ஆள் அனுப்பினேன். ஓடிவந்தார். கோயிலுக்குக் கிளம்பிய பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஏறினால் எண்பது தேறாது. ஏறாவிட்டால் பத்து மணி வேன் போய்விடும், அது போனால் அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பழையபடிதான். இரண்டில் எது போனாலும் கோயில் பூட்டுதான், ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த வருஷம் எண்ணும்போது.

மதினி விரல்விட்டு ஆட்களை எண்ணிப் பார்த்தார்.

எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டாள். எழுந்து வந்தாள். நெற்றியில் எண்ணெய் வழிந்தது.

"தம்பி, வண்டி எத்தனை பேர் பிடிக்கும்?"

"நெருக்குனா முப்பது முப்பத்தஞ்சு."

"அப்ப ரெண்டு நடை அடிக்கணும். எப்படியும் அடிக்கத்தான போற? மொத நடை நாங்க ஏறுறோம். எங்க தெரு ஆளுக. பாதி லாரி நாங்க ஏத்திருவோம். இவுக கோயில முடிச்சிட்டு ரெண்டாவது நடைல வரட்டும்."

"மானேஜர் கேட்டா?"

"வண்டி ஆள் இல்லாம வரக்கூடாதுன்னுதான சொன்னாரு? ஆளோட தான வருது."

டிரைவர் யோசித்தார். தலையாட்டினார்.

மதினி அவள் கையைப் பிடித்தார். "ஏ, தலைல எண்ணெயோடயா?"

"துண்டக் கட்டிக்கிறேன். பேக்கிங்தான, மருந்தா?" என்றாள். பிறகு என்னிடம், "அண்ணே, நீங்க நாளைக்கு அஞ்சு மணிக்கு ஒழுங்கா அடிச்சாப் போதும். மூணரைக்கு அடிச்சீக, கயித்த அத்துருவேன்" என்றாள்.

அவள் தெருவுக்குப் போய்க் கூப்பிட்டாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தி ஈரத்தலையோடு வந்தாள், ஒருத்தி கையில் பாதித் தோசையோடு வந்தாள். இருபத்தைந்து முப்பது பேர் ஏறினார்கள். அதில் போர்மேனும் இருந்தார். அவர் எங்கள் சபை ஆள். அவருக்கு எண்ணிக்கையில் இடம் உண்டு. வண்டியில் ஏறியதைப் பார்த்தேன்.

வண்டி திரும்பும்போது அவர் டிரைவர் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. இறங்கினார். "நான் இல்லாம பேக்கிங் நடக்கும்" என்று பொதுவாகச் சொன்னார். என்னைத் தாண்டிக் கோயிலுக்குள் போனார். போகும்போது, "ரெண்டாவது மணி அடிக்க நேரமாச்சு" என்றார். மூன்று வாரத்துக்கப்புறம் என்னோடு பேசிய முதல் பேச்சு.

அடித்தேன்.

ஐயா அந்த மணியோடு வந்து சேர்ந்தார். அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் வாசலில் ஒரு கணம் நின்றார். தூக்குச்சட்டி வரிசையைப் பார்த்தார். பீடத்துக்குப் போனார். பாட்டு தொடங்கியது. நர்ஸம்மா டியூட்டியிலிருந்து நேரே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் பாட்டிலேயே தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுப்பப் பார்த்தார். மதினி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஐயா எல்லாரையும் உட்காரச் சொன்னார். சிறுபிள்ளைகளை முன்னால் வந்து பாயில் உட்காரச் சொன்னார், அவர்களை எண்ணுவதில்லை. பீடத்தை விட்டு இறங்கி, நடுவழியில் பெஞ்சு பெஞ்சாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். உதடு அசைந்தது. வெளியே வேன் இரண்டாம் நடைக்கு வந்து நிற்கிற சத்தம் கேட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

கடைசிப் பெஞ்சில் நர்ஸம்மாவைப் பார்த்து, தூங்குகிறவரையும் சேர்த்தார். வாசலில் என்னிடம் வந்து நின்றார்.

"ஒங்களையும் சேத்துக்கவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் வேலையில இருக்கேன்யா. என்ன விட்டுட்டு எண்ணுங்க."

திரும்பிப் பீடம் வரை இன்னொரு தடவை எண்ணிக்கொண்டு போனார். மேலே ஏறி நின்றார். வாத்தியாரைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தடவையும் ஒரே எண்ணிக்கைதான் என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கையைச் சொன்னார்.

தொண்ணூற்று நான்கு.